ஜிம்மியின் தொண்டையில் எலும்பு இல்லை

இந்த நாட்டில் நாய்கள் மனிதர்களின் முகத்தை நக்குகின்றன. மனிதர்களும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. பனி பழகிவிட்டது, உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கு பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை, காதுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ள வந்த ஸ்பேனியல் நாய் ஒன்று, நான் துடைத்து முடித்ததும் என் கட்டைவிரலை நக்கியது. விரலில் முந்தின நாள் பிளேடு கீறிய காயம் இருந்தது. நாயை அதன் சொந்தக்காரியிடம் தள்ளிவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் சோப்புப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் கழுவினேன். அந்த அம்மாள் திகைத்துப்போய், "ஹீ வாஸ் ஒன்லி கிஸ்ஸிங் யூ" என்றார். முத்தம்தானே கொடுத்தான் என்கிறார். "சாரி மேடம், சோப் இஸ் குட்" என்றேன். தன் நாயை அழுக்கு என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, அந்த இந்தியர் என் நாயைத் தொட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

நான் வேலை பார்க்கும் பிராணி வைத்தியசாலையை இங்கே 'சர்ஜரி' என்கிறார்கள். செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில், ரொட்டிக் கடைக்கு அடுத்த பழைய வீடு அது. மாடு வராது, ஆடு வராது. நாய், பூனை, முயல், கூண்டுக்கிளி இவ்வளவுதான். டாக்டர் மிஸ் ஹார்ட்லி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், கைவேலை சுத்தம். நான் அவருக்கு உதவியாள். ஊசி போடும்போது நாயின் முன்னங்காலை அழுத்திப் பிடித்து நரம்பைப் புடைக்க வைப்பேன். அறுவைக்குப் பிறகு மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பேன். குளிர்ந்து போகாமல் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைக் கம்பளியில் சுற்றி வயிற்றோடு வைப்பேன். சோலைமலை என்ற என் பெயர் அவர்கள் வாயில் 'சாலி' ஆகிவிட்டது. நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

காத்திருக்கும் அறையில் நாய்களை மடியில் வைத்துக்கொண்டு கிழவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊரின் மாட்டாஸ்பத்திரி நினைவுக்கு வரும். காரைக்குடிக்கும் கீழச்சிவல்பட்டிக்கும் இடையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அறுபதுகளின் பிற்பாதியில் நான் அங்கே கம்பவுண்டர். புளியமரத்தடியில் மாடுகளைக் கட்டுவதற்கு மரச்சட்டம், ஒரு ஓட்டுக் கட்டடம், டாக்டர், நான், அவ்வளவுதான். சினை பிடிக்காத பசு, கழுத்துப் புண் வந்த காளை, வயிறு உப்பிய ஆடு என்று வரும். நாயை வைத்தியத்துக்குக் கொண்டுவருவது மாதத்தில் ஒன்றிருந்தால் அதிகம். கொண்டுவருகிறவர்களையும் மாட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அப்படி நாயைக் கொண்டுவருகிறவர்களில் ஒருவர் மெய்யம்மை ஆச்சி. நாற்பது வயதிருக்கும். கணவர் பினாங்கில் வியாபாரம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்துபோவார். பிள்ளை இல்லை. அத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் ஜிம்மியும்தான். வேலைக்காரி பொழுது சாயும் முன்பே போய்விடுவாள். மதுரையில் குட்டியாக வாங்கியது ஜிம்மி, செவலை நிறம், பாதி அல்சேஷன். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் எந்த இடம் குளிர்ச்சியோ அந்த இடம் அவனுடையது. தடுப்பூசி, பூச்சி மருந்து, நகம் வெட்டுவது என்று எதையாவது சொல்லிக்கொண்டு ஆச்சி வில்வண்டியில் வந்து இறங்குவார். பேச ஆள் கிடைத்ததென்று நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுப் போவார். தடுப்பூசி என்று சொன்னேன். வெறிநோய்க்கான தடுப்பூசி அந்த வருடம் எங்களுக்கு வந்து சேரவில்லை. வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று ஆச்சியிடம் சொல்லியிருந்தோம்.

ஒரு சித்திரை மாதம், சிங்கம்புணரிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியதால் டாக்டர் ஊசி போடக் கிளம்பிப் போய்விட்டார். அவர் போன மறுநாள் ஆச்சி வந்தார். ஜிம்மியை மடியில் தூக்கி வைத்திருந்தார். அவன் வாய் திறந்தபடி இருந்தது. தாடை தொங்கி, எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது.

"கம்பவுண்டர் தம்பி, நேத்துலருந்து ஒன்னும் திங்கல. வாயை மூட மாட்டேங்குறான். தொண்டையில எலும்பு சிக்கிருச்சுன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் பாருங்க."

நான் டார்ச்சு அடித்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டுத் தடவினேன். ஜிம்மி முனகக்கூட இல்லை. கடிக்க அவனுக்குத் தாடையில் பலம் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டாக்டர் இல்லாத நேரத்தில் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு வருட அனுபவம் உள்ளவன் என்ற எண்ணம்.

"எலும்பு எறங்கிருச்சு ஆச்சி. தொண்டையைக் கீறி விட்டிருக்கும், அதான் மூட வலிக்குது. கஞ்சியை ஆற வச்சு நீங்களே கையால கொஞ்சங் கொஞ்சமா ஊட்டி விடுங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

ஆச்சியின் ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அரிவாள்மனை பட்டிருக்கும். அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. தெருநாய் எதுவும் இவனோடு சண்டை போட்டதா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு மாதத்துக்கு முன் பின்கட்டு வழியாக நுழைந்த நாயைப் பற்றிச் சொல்லியிருப்பார். பிறகு சொன்னார்.

நான் சொன்னபடியே ஆச்சி இரண்டு நாள் ஊட்டினார். வாயைப் பிளந்து, நாக்கின் அடியில் கஞ்சியை வைத்து, தொண்டையைத் தடவிக் கொடுத்து. மூன்றாம் நாள் ஜிம்மி செத்துப்போனான். தோட்டத்தில் புதைத்தார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். நான் மற்ற சங்கதிகளோடு சங்கதியாக இதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"தாடை தொங்குச்சா?"

"ஆமா சார்."

"குரல் மாறியிருந்துச்சா? கம்மினாப்புல?"

"குரலே வரலை சார்."

"நீ கையை உள்ள விட்டியா?"

நான் என் கையைப் பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெறி புடிச்ச நாய் எல்லாமே ஓடிவந்து கடிக்காதுய்யா. சிலது இப்படி வாயைத் தொறந்துக்கிட்டு ஊமையா உக்காந்திருக்கும். எலும்பு சிக்கினாப்புலதான் இருக்கும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. அந்த அம்மாவையும் கையோட கூட்டிக்கிட்டுப் போ." அவரே ஆச்சியைப் பார்த்துச் சொல்வதாகத்தான் இருந்தார். அதற்குள் வெக்கை நோய் வேலைக்கு மறுபடி ஜீப் வந்து நின்றது. "நீ போயி வெவரமாச் சொல்லு" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினார்.

நான் ஆச்சி வீட்டுக்குப் போனேன். முகப்பில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இனி நான் எழுதப் போவதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

"டாக்டர் ஒரு முன்ஜாக்கிரதைக்கு ஊசி போட்டுக்கிறச் சொல்றாரு ஆச்சி."

"எதுக்குத் தம்பி?"

"நாய் எச்சில் பட்டிருக்குல்ல, அதுக்குத்தான். பெருசா ஒன்னுமில்லை."

"அவன் என்னைக் கடிக்கவே இல்லையே. எத்தனை ஊசி?"

"பதினாலு. தொப்புளைச் சுத்தி."

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செட்டியாரு ஊர்ல இல்லாத நேரத்துல, தெனம் காரைக்குடிக்குப் போயி வயித்தைக் காமிச்சுக்கிட்டு நிக்கவா? பெருசா ஒன்னுமில்லைன்னு நீங்களே சொல்றீக. விடுங்க தம்பி."

'ஆச்சி, அது எலும்பு இல்லை, வெறி. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஊசி போடாவிட்டால் செத்துப்போவீர்கள்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கின் நுனியில் இருந்தது. நான் தப்பாகச் சொன்னேன் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. "சரி ஆச்சி, யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் என் வயிற்றில் முதல் ஊசி போட்டார்கள். நான்காவது ஊசியன்று மறுபடி போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. கீழச்சிவல்பட்டியில் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கீழச்சிவல்பட்டி எத்தனை தூரம்? சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். நான் போகவில்லை. டாக்டர் வந்ததும், "சொன்னேன் சார், மாட்டேன்னுட்டாக" என்றேன். அது பொய் இல்லை. பொய்யை விடக் கேவலமானது.

பதினாலு ஊசியும் போட்டுக்கொண்டேன். வயிறு கன்றிப்போய்க் கல்லாகக் கிடந்தது. அந்த வலி எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆடி மாதம் ஆச்சிக்குக் கை குறுகுறுத்தது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் தண்ணீர்ச் சொம்பைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டது. தகவல் தெரிந்து நான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியபோது அவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். காற்றுப் பட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தார்கள். உறவுக்காரர்கள் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றார்கள், உள்ளே வரப் பயம். ஞானம் என்ற நர்ஸ் மட்டும் அறைக்குள்ளேயே இருந்தாள். இழுப்பு வரும்போது பிடித்துக்கொள்வாள், விட்டதும் வாயைத் துடைத்துவிடுவாள், தலைமுடியை ஒதுக்கிவிடுவாள்.

வெறிநோயின் கொடுமை என்னவென்றால் புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே ஆச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாசலில் நின்றவனைக் கண்ணால் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஊசியைப் போட்டிருந்தா பொழச்சிருப்பேனா?"

"தெரியலை ஆச்சி."

"நீங்க போட்டுக்கிட்டீகளா?"

"போட்டுக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். முகத்தில் உண்மையான நிம்மதி. பிறகு அடுத்த இழுப்பு வந்தது. மூன்று நாள் நான் அந்த வாசலிலேயே நின்றேன். மூன்றாம் நாள் மதியம் எல்லாம் முடிந்தது. தந்தி கிடைத்துச் செட்டியார் கப்பலேறி வந்து சேர்ந்தபோது அவருக்காக மிச்சமிருந்தது சாம்பல்தான்.

ஞானத்தை அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டேன். சாதி வேறு, மதம் வேறு, இரண்டு பக்கமும் வாசல் அடைபட்டது. அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு ஆர்டர் வந்தது. அவள் முதலில் வந்தாள், நான் பின்னால் வந்தேன். பெண்டாட்டி வேலையைப் பிடித்துக்கொண்டு சீமைக்குப் போனவன் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். நான் எதற்காக ஓடிவந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாதவரை நல்லது. இந்தத் தீவில் வெறிநோய் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். என்னை அப்படி யாரும் அடைத்துப் பார்க்கவில்லை.

ஸ்பேனியல் சமாசாரம் நடந்து இரண்டு வாரம் இருக்கும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் தன் டெரியர் நாயைக் கொண்டுவந்தார். பெயர் ஜாக். வாய் திறந்தபடி இருந்தது. எச்சில் வடிந்தது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மிஸ் ஹார்ட்லி வழக்கம்போல வாயைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"நோ ஹேண்ட், டாக்டர். நோ ஹேண்ட்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அவர் கையை உதறப் பார்த்தார். நான் விடவில்லை. கிழவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "இஸ் இட் ஹிஸ் ரிலீஜியன்?" என்று கேட்டார். நாயைத் தொடக்கூடாது என்பது என் மதக் கட்டளை என்று நினைத்துவிட்டார். மிஸ் ஹார்ட்லிக்குப் புரிந்துவிட்டது. கோபப்படாமல், "வீ டோன்ட் ஹாவ் இட் ஹியர், சாலி" என்றார். அது இங்கே கிடையாது. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். இடுக்கியை உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். கடைவாய்ப் பற்களுக்குக் குறுக்கே, மேலண்ணத்தில் இறுகிக் கிடந்த ஆட்டு எலும்புத் துண்டு வெளியே வந்து தட்டில் விழுந்தது.

ஜாக் இரண்டு முறை நாக்கைச் சுழற்றியது. நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது தலையைக் குனிந்து சளக் சளக்கென்று குடித்தது. முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்த்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பின்புறத்து முற்றத்துக்குப் போய், காலிக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வாயில் துவாலையை அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு எலும்பு. ஒரே ஒரு எலும்பு. அன்றைக்கும் அது எலும்பாக இருந்திருக்கக் கூடாதா?

கொஞ்ச நேரம் கழித்து மிஸ் ஹார்ட்லி தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "ஹோம்சிக்?" என்று கேட்டார். ஊர் ஏக்கமா என்கிறார். "யெஸ்" என்றேன். அதைவிட எளிதாக விளக்க எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த ஞானத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'பெருசா ஒன்னுமில்லை' என்று நான் சொன்னதை அவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை. ஆச்சியே மறுத்துவிட்டார் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவள் கஞ்சியை வடித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஆச்சி அன்னைக்கே சொன்னாக. 'பெருசா ஒன்னுமில்லைன்னுதானே அந்தத் தம்பி சொன்னாரு'ன்னு."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"மூணு நாளும் அந்த வாசல்லருந்து போகாம நின்னது நீங்க ஒருத்தருதான். பெத்தவுக கூடப்பொறந்தவுகளே தள்ளித்தான் நின்னாக."

"என் தப்பு இல்லைன்னு ஒருதரம் சொல்லு ஞானம்."

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "சொல்ல வேண்டியவுக நான் இல்லை. செட்டியாரு இருக்காகல்ல, போயிச் சொல்லுங்க."

விமானச் சீட்டுக்கு இருவரும் சேர்த்து வைத்ததைப் போட்டோம். நான் மட்டும் ஊருக்குப் போனேன். பத்து நாள் விடுப்பு. செட்டியார் பினாங்கு வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் இரண்டு அறைகளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். சீமையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். ஆச்சியைக் கடைசியில் பார்த்துக்கொண்ட நர்ஸின் கணவன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைக் கொன்றது. எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். எலும்பு என்று சொன்னது, கஞ்சி ஊட்டச் சொன்னது, பெருசா ஒன்னுமில்லை என்றது, கீழச்சிவல்பட்டிக்குப் போகாமல் இருந்தது. ஒன்றையும் விடவில்லை.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ விதின்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "ஒருவகையில அது நல்லா இருந்துச்சு. இப்ப வந்து விதி இல்லை, ஒரு ஆளுங்கிறீக."

"மன்னிச்சிருங்க."

"நீங்க இத்தனை வருசம் சொமந்ததை எறக்கி வச்சுட்டீக. நான் எங்குட்டுப் போயி எறக்கி வைக்கட்டும்? சொல்லுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நானே வெளியே வந்தேன். சொன்னால் பாரம் குறையும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் குறையவில்லை, இன்னொருவர் தலையிலும் ஏற்றிவிட்டு வந்தேன். ஞானத்திடம் இதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. ரோட்டோரம், அடைத்திருந்த சைக்கிள் கடை நிழலில் நின்றேன். எங்கிருந்தோ ஒரு தெருநாய்க்குட்டி வந்தது. இரண்டு மாதம் இருக்கும், விலா எலும்பு தெரிந்தது, கண்ணில் பீளை. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் கண் நன்றாகத் திறக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கை தானாகக் கீழே நீண்டது, சர்ஜரியில் தினமும் நீள்கிற மாதிரி. அதே நேரத்தில் என் கால் தானாக ஓரடி பின்னால் போனது. கை எட்டவில்லை. குட்டி இன்னும் கிட்டே வந்தது, கை இன்னும் நீண்டது, கால் இன்னும் ஓரடி பின்னால் போனது. பஸ் வந்து நின்று, கண்டக்டர் "வாரீகளா, இல்லையா?" என்று கேட்கும்வரை அந்த இடத்தில் நான் அப்படியே வளைந்து நின்றுகொண்டிருந்தேன்.